எங்கள் ஊரில் அந்த நோய் இல்லை

ஜனவரி 12

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம்தான். உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுது. போனில் வேண்டாம். போனில் நீ அழுகிறாய், நான் அதட்டுகிறேன், பிறகு இரண்டு பேருக்கும் நாள் முழுக்க மனசு சரியில்லை.

மாப்பிள்ளைக்கு வந்திருப்பது மறதி நோய்தான் என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டதைப் படித்ததும் பகீரென்றது. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன்! ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ஊரில் இப்படி ஒரு நோயே கிடையாது. வயதானவர்கள் மறக்கத்தான் செய்கிறார்கள். சொன்னதையே சொல்கிறார்கள், அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். உங்கள் நகரத்தில்தான் தும்மினால் ஒரு டெஸ்ட், இருமினால் ஒரு டெஸ்ட்.

உன் மாமா திடமாக இருக்கிறார். எழுபத்தொரு வயதிலும் தினமும் தையல் கடையைத் திறக்கிறார். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் மார்பளவைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் போகவில்லை. நேற்று தபால்காரரைப் பார்த்து, "வாங்க நாப்பத்திரண்டு" என்றார். அவருக்கு ஒரே சிரிப்பு.

வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை வீம்புக்கு நொண்டிக்கொண்டே வேலை செய்கிறாயா? நாங்கள் இருக்கிறோம். 'நன்றாக' என்ற வார்த்தையை மட்டும் சேர்க்க முடியவில்லை.

டாக்டர் இவரிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் காம்பஸ் வைத்துப் போட்டதுபோல வந்தது. ஆனால் பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடைத்துவிட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். எண்பத்தாறில் நின்றுவிட்டு, "பையன்கள் சத்தம் போடறாங்க, அதான் ஓடலை" என்றார். அறையில் எங்களைத் தவிர யாருமில்லை.

இது ஆரம்பித்து மூன்று வருஷமாவது இருக்கும் என்றார் டாக்டர். அந்த மூன்று வருஷமும் நான் இவரோடு சண்டை போட்டேன் அக்கா. திமிர் என்றேன், அலட்சியம் என்றேன். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை நின்றது. இப்போது புதன்கிழமைதோறும் ஒரு நர்ஸ் வந்து இவரோடு சீட்டாடிவிட்டுப் போகிறாள். இவரும் குழைந்துபோயிருக்கிறார். தெருவில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பிடித்ததில்லை.

மாமா இன்னும் கடை திறக்கிறார் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? மாமாவுக்கு என் அன்பு.

உன் தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்றே வைத்துக்கொள். உங்கள் வீட்டில் நோயாளிக்கு நடக்கும் ராஜ உபசாரத்தைப் படித்தேன். சீட்டாட ஒரு நர்ஸ்! இங்கே நான் காலையிலிருந்து காஜா போட்டு, பித்தான் கட்டி, விரல் நுனியெல்லாம் ஓட்டை. எனக்குக் கைபிடிக்க யாரும் இல்லை. பரவாயில்லை, உனக்காவது கிடைத்ததே.

பேப்பர் பார்த்தாயா? உங்கள் நகரத்தில் ஆறு வருஷத்தில் மறதி நோய் மூன்று மடங்காகிவிட்டதாம். எங்கள் ஊரில் மொத்தமே மூன்று பேராம். நான் சொன்னபோது நீ வாயைத் திறக்கவில்லை, இப்போது அச்சிலேயே வந்துவிட்டது. உன் மாமாவிடம் படித்துக்காட்டினேன். துணியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "பழைய டேப்பு இழுபட்டுப் போயிருக்கும். அதுல முப்பத்தெட்டு வர்றவன் புது டேப்புல நாப்பது வருவான். ஆளு பெருத்தானா, டேப்பை மாத்துனாங்களா, அதை முதல்ல கேளு."

இப்படிப் பேசுகிறவருக்கா நோய் வரும், சொல்லு.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். மாப்பிள்ளை எப்போதாவது உன்னிடம், எங்கே போனேன் என்பதை மறைத்துப் பொய் சொல்லியிருக்கிறாரா? பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் சுகம்தானே? இந்தத் தடவை இதை வழக்கத்துக்குக் கேட்கவில்லை.

மாமா சொன்னதை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதை நான் மீட்டிங்ல சொல்லப்போறேன்" என்று எழுதிக்கொண்டார். ஆறு வருஷம் முன்பு இந்த நகரம் முழுவதற்கும் இதைப் பார்க்க ஒரே ஒரு டாக்டர்தானாம். மற்றவர்கள் 'வயோதிகம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்களாம். இப்போது ஏழு பேர் பார்க்கிறார்கள், ஸ்கேன் இருக்கிறது, வீட்டுக்காரர்களும் தாங்களாகவே கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அதனால் எண்ணிக்கை ஏறுகிறது. நோயும் கூடியிருக்கிறதா, ஒருவேளை குறைந்தேகூட இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அன்றும் இன்றும் ஒரே விதமாக அளந்திருக்க வேண்டுமாம். அப்படி யாரும் அளக்கவில்லை. உங்கள் ஊரில் மூன்று பேர் என்றால், தேடியது அவ்வளவுதான் என்று அர்த்தம்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், நிறைய. லைப்ரரிக்குப் போனேன் என்பார், லைப்ரரிக்கு அன்று விடுமுறையாக இருக்கும். அது பொய்யில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. போன இடம் நினைவில் இல்லாததால் போயிருக்க வேண்டிய இடத்தைச் சொன்னார்.

நீ ஏன் கேட்டாய்? மாமாவுக்கு என்ன?

உன் தங்கை

மே 18

தங்கைக்கு,

சுகமெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்ளலாம். இரண்டு மாதமாக ஏன் எழுதவில்லை என்று நாலு கடிதம் போட்டுவிட்டாய். சொல்கிறேன். சொன்ன பிறகு எனக்குப் புத்தி சொல்ல வராதே.

உன் மாமாவுக்கு ஒருத்தி இருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும், புருஷன் இல்லை. மத்தியானம் இங்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தையல் கடைக்குப் பத்து நிமிஷம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் கடைக்கதவு மூடியே கிடக்கிறது. ஐந்து மணிக்கு நேரே வீட்டுக்கு வருகிறார். எங்கே போனீர்கள் என்று கேட்டால் "கடையிலதான் இருந்தேன்" என்கிறார். முகத்தைப் பார்க்க மாட்டார். ஒரு நாள் நானே பார்த்தேன். அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், அவள் தண்ணீர் கொடுக்கிறாள், இவர் சின்னப்பிள்ளை மாதிரி வாங்கிக் குடிக்கிறார். என் கையால் இவர் அப்படி வாங்கிக் குடித்ததே இல்லை.

வேலையிலும் மனசு இல்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டியிருக்கிறார். மளிகைக் கடையில் கணக்கெழுதும் பிள்ளையின் பேண்ட்டுக்குப் பாக்கெட்டை வெளியே வைத்துத் தைத்திருக்கிறார். ஊர் சிரிக்கக் கூடாதே என்று எல்லாவற்றையும் பிரித்து நான் தைத்துக் கொடுக்கிறேன். மனசு அவளிடம், கை மெஷினில் என்றால் இப்படித்தான் வரும்.

போன மாதம் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு தாள். பெண் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்: "இங்கிருந்து நேராக. தபால் பெட்டி தாண்டி இரண்டாவது வலது. பிறகு முதல் இடது. நாலாவது கதவு. மணி அடிக்க வேண்டாம், தள்ளினால் திறக்கும். உள்ளே இருப்பாங்க. பயப்படாதீங்க."

அவளுடைய வீட்டுக்கு வழி! அந்த நாளிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோற்றை வைப்பேன், போய்விடுவேன். ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை.

உன் புருஷன் கையைப் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உனக்கு நோய் வாய்த்தது, எனக்குத் துரோகம் வாய்த்தது. நோய் என்றால் நாலு பேர் வந்து ஆறுதல் சொல்வார்கள். இதை யாரிடம் சொல்ல? இவருக்கும் அந்த நோயே வந்திருக்கக் கூடாதா என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வரப்போவதில்லை.

அக்கா

மே 24

அக்கா,

கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் அடுத்த தெருவில் இருக்கும்போதே பதிலைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நின்றுகொண்டே எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டாதே. இரண்டு இடது கை என்று எழுதியிருக்கிறாயே, இவர் வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரே வரியை இரண்டு தடவை கூட்டியது நினைவுக்கு வருகிறது. நானும் மனசு எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மாமா எங்கே போனார் என்று மட்டும் இனிமேல் கேட்காதே. இன்றைக்கு என்ன கிழமை என்று கேள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேள். ஜூன் மாதம் உங்கள் ஊருக்கு மறதி நோய் முகாம் வருகிறது, டாக்டர் சொன்னார். மாமாவைக் கூட்டிக்கொண்டு போ.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் வந்து என்னை இரண்டு அறை அறைந்துவிட்டுப் போ.

உன் தங்கை

ஜூன் 15

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன். கையில் சுத்தியல் வைத்திருப்பவனுக்கு எல்லாம் ஆணியாகத் தெரிவது போல உனக்கு ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் நோயாளிகளாகத் தெரிகிறார்கள். கட்டின புருஷனை எனக்குத் தெரியாதா? கிழமை கேட்பதற்கு நான் அவரோடு பேச வேண்டுமே.

முகாம் வந்தது. வந்த இரண்டாவது வாரமே மூன்று பேர் என்றிருந்தது அறுபத்தொரு பேர் ஆகிவிட்டது. 'இருபது மடங்கு' என்று பேப்பரில் கொட்டை எழுத்து. தெருவே கலங்கிப்போயிற்று. தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்திருக்கிறது, கழுவ வேண்டும் என்று ஒரு கூட்டம் போய் நின்றது. இவர்கள் வந்துதான் நோயைக் கொண்டுவந்தார்கள் என்றாள் எதிர்வீட்டுக்காரி. நானும் சேர்ந்துகொண்டு கத்தினேன். கணக்கெடுக்க வந்த பெண் என் கதவுக்கும் வந்தாள். எங்கள் வீட்டில் அந்த நோய் இல்லை என்று சொல்லித் தள்ளிச் சாத்தினேன்.

நாளை அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் தள்ளி உள்ளே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போவேன்.

அக்கா

ஜூன் 17

என் தங்கைக்கு,

போன கடிதத்தைப் படித்திருந்தாலும் படிக்காதது போல இரு.

நேற்றுப் போனேன். முதலில் தையல் கடையிலிருந்து ஆரம்பித்தேன். தாளில் சொன்னபடி திரும்பினால் ஒரு கிடங்கின் சுவர் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. எழுதியவள் அவள், 'இங்கிருந்து' என்றால் அவள் கடையிலிருந்துதான். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அவள் கண்ணில் படாமல் அங்கிருந்து நடந்தேன். தபால் பெட்டி வந்தது. இரண்டாவது வலதில் திரும்பி, முதல் இடதில் நுழைந்தால் அது எங்கள் தெரு. நாம் எப்போதும் மறுமுனையில் நுழைவோமே, அதனால் தாளில் படித்தபோது தெரியவில்லை. தெரு தெரிந்த பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா? 'சண்டாளி, என் தெருவிலேயே வீடு பிடித்திருக்கிறாள்' என்றுதான் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு கதவுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கதவைத் தள்ளினேன். திறந்தது.

உன் மாமா உள்ளே உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீடு. மணி கெட்டுப்போய் வருஷக்கணக்காக எல்லாரும் தள்ளித் திறக்கும் என் கதவு. உள்ளே இருப்பாங்க என்று எழுதியிருந்தது என்னை. பயப்படாதீங்க என்று எழுதியிருந்ததும் என்னைப் பற்றித்தான்.

பேச்சை நிறுத்தியதிலிருந்து நான் துவைக்காமல் விட்ட அவருடைய சட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டினேன். ஒவ்வொரு பையிலும் அதே தாளின் ஜெராக்ஸ்.

அவள் கடைக்கு ஓடினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "ரெண்டு வருஷமா இப்படித்தாம்மா. சாப்பிட்டுட்டுக் கிளம்புவார், வழி தவறி இங்க வந்து நிப்பார். முதல்ல எல்லாம் தானே சுதாரிச்சுப் போயிடுவார். இப்ப முடியல. வீட்டுக்குக் கொண்டுபோய் விடறேன்னா, கடையில இல்லைன்னு தெரிஞ்சா அவ திட்டுவா, சாயங்காலம் போறேன்னு உக்காந்துக்குவார். வீட்டுல சொல்லிடாதீங்கன்னு அழுதுடுவார். ரெண்டு தடவை நானே உங்ககிட்ட சொல்ல வந்தேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திட்டீங்க."

என் கதவை எத்தனை பேருக்குச் சாத்தியிருக்கிறேன் பார்த்தாயா? இரண்டு வருஷமாக இருக்கும் நோயைக் கள்ளத்தனம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது நாளுக்கு மேல் பேசாமல் சோறு மட்டும் வைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை என்று அதற்கும் கோபப்பட்டேன்.

உன்னை அறைய வரவில்லை. நீ வந்து என்னை அறைந்தால் தேவலை.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

அறைய வர மாட்டேன். நான் மூன்று வருஷம் செய்ததைத்தான் நீ இரண்டு வருஷம் செய்திருக்கிறாய். அதிலும் என்னை முந்திக்கொண்டதாக நினைக்காதே.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். உன் கடிதத்தைப் படித்து அழுது முடித்த பிறகு அந்த ஜெராக்ஸ்காரி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று வருஷம் இவரும் எங்கேயோ போய் உட்கார்ந்திருந்திருப்பார். யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் வழி சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாமாவை எப்போது காட்டுகிறாய்? முழங்காலையும் அவர்களிடமே காட்டு.

உன் தங்கை

செப்டம்பர் 6

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் தேவலை. இன்று மாமா நன்றாகச் சாப்பிட்டார்.

காட்டியாகிவிட்டது. கடிகாரம் வரையச் சொன்னால், நர்ஸைக் கண்ணாலேயே அளந்து, "முப்பத்தாறு, கை கொஞ்சம் நீளம்" என்றார். அவளும் எழுதிக்கொண்டாள். அந்தக் கூச்சலுக்குப் பிறகு யாரும் முகாம் பக்கமே போகாததால், எங்கள் ஊர்க் கணக்கில் அவர் அறுபத்திரண்டாவது ஆள். தெருவில் இன்னும் நோய் பரவுகிறது என்றுதான் பேச்சு. இப்போது நானே வாசலில் நின்று சொல்கிறேன்: எதுவும் பரவவில்லை, இவருக்கு இது போன மாதம் வரவில்லை, இரண்டு வருஷமாக இருக்கிறது, நான்தான் வேறு பெயர் வைத்திருந்தேன், உங்கள் வீட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் தன் அண்ணனை முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெயர் கிடைத்தால் சண்டை நிற்கும் என்று எழுதினாய். நின்றுவிட்டது. ஆனால் பொறாமை எனக்குப் போகவில்லை. அவருக்கு வழி கேட்க ஒருத்தி இருந்தாள், அழ ஒருத்தி இருந்தாள், அது நானில்லை. அவளிடமே அதைச் சொன்னேன். "உங்களுக்குப் பயந்துதாம்மா என்கிட்ட வந்தார்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள், பாவம்.

செவ்வாய்க்கிழமை காலை. மேஜையில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நாற்பத்தாறு வருஷத்தில் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

"அம்மா, நீங்க யாருன்னு தெரியல. நல்லவங்களா இருக்கீங்க. இதைத் தப்பாத் தைச்சுட்டேன். என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். பிரித்துச் சரியாகத் தைத்து அவர் மேஜையிலேயே வைத்துவிட்டேன். உன்னிடம்தான் சொல்கிறேன். நீயும் அவர் பொண்டாட்டியிடம் சொல்லிவிடாதே.

அக்கா